ஸ்டெப்னி இங்கிலீஷ் இல்லையா?

ஐயா, வணக்கம். என் அப்பா மூலக்கடையில் லாரி பட்டறை வைத்திருக்கிறார். நான் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வண்டி உதிரிபாகம் விற்கும் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன வாரம் போனில் ‘ஸ்டெப்னி’, ‘டிக்கி’ என்று சொல்லிவிட்டேன். மேலாளர் எல்லோர் முன்னாலும், “அது பட்டறை பாஷை, இங்கிலீஷே கிடையாது” என்றார். அப்பா பேசுவது தப்பா?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. இரண்டுமே அசல் பிரிட்டிஷ் சரக்கு.

வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றி, ட்யூபுக்கு ஒட்டுப்போட்டு, காற்றடித்துத்தான் கிளம்ப வேண்டும். 1904 வாக்கில் அந்தத் தெருவில் தொழில் செய்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஆரக்கால் இல்லாத வெறும் ரிம். அதில் காற்றடைத்த டயர் தயாராக இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இதைக் கவ்வவைத்து முடுக்கிவிட்டு ஓட்டிப் போகலாம். தெருப் பெயரே பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு முழுச் சக்கரத்தையே மாற்றும் வசதி வந்தது. அங்கே அந்த ரிம்மும் போனது, பெயரும் போனது. நம் ஜி.என்.டி. ரோடு லாரிக்காரர்கள் பெயரை விடவில்லை.

டிக்கியும் அப்படித்தான். இரண்டு பேர் உட்காரும் பழைய கார்களில் பின்பக்க மூடியைத் திறந்தால் ஓர் இருக்கை விரியும். பிரிட்டனில் அது டிக்கி சீட், அமெரிக்காவில் ரம்பிள் சீட். பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு பிரிட்டிஷ்காரர்கள் பூட் என்றார்கள், அமெரிக்கர்கள் டிரங்க் என்றார்கள். நாம் டிக்கியையே வைத்துக்கொண்டோம்.

அமெரிக்கர்களும் இப்படிப் பழசைக் காப்பாற்றியவர்கள்தான். வியாசர்பாடியில் பந்து உதைக்கிற பையன்களைக் கேட்டால் ‘சாக்கர்’ அமெரிக்கச் சொல் என்பார்கள். அசோசியேஷன் ஃபுட்பால் என்பதைச் சுருக்கி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை உண்டாக்கியவர்கள் இங்கிலாந்து மாணவர்கள். இலையுதிர் காலத்துக்கு ‘ஃபால்’ என்பதும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். அமெரிக்க வாடிக்கையாளரிடம் ஸ்பேர் டயர், டிரங்க் என்றே சொல்லுங்கள்; அவருக்குப் புரிந்தால்தான் சரியான பொருள் போய்ச் சேரும். ஆனால் அவருக்குப் புரியாது என்பது வேறு, இங்கிலீஷே கிடையாது என்பது வேறு. இரண்டாவதை உங்கள் மேலாளர் சபையில் சொன்னது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. அவரிடம் லனெல்லி கதையைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லுங்கள்.