மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

கணினியின் பவர் சப்ளையை (அதற்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றலாமா என்று கேட்டீர்கள். இப்போது மாற்ற வேண்டாம். தூசி தட்டிய பிறகுதான் இப்படி ஆனது, மின்விசிறிகள் நிற்காமல் சுற்றுகின்றன, திரையில் எதுவும் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் ரேம் (நினைவக அட்டை) தன் இடத்தில் சரியாக அமரவில்லை.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேஸின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு இரண்டு ரேமையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும், மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை) கையேடு சொல்லும் செருகிடத்தில், 'டக்' என்று கிளிப் பூட்டும் வரை அழுத்துங்கள். இதற்குப் பலரும் தயங்குவார்கள். கொஞ்சம் பலம் தேவைதான். பிறகு மின்கம்பியை மாட்டி இயக்குங்கள். திரை வரவில்லையென்றால், மறுபடி மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

டிடிஆர்5 என்ற வகை ரேம் என்றால் அவசரப்படாதீர்கள். கழற்றி மாட்டியபின் முதல்முறை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அந்நேரத்தில் கணினி ரேமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பாதியில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியும் வராவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிராசஸருக்கு (கணினியின் மையச் சில்லுக்கு) அருகே செருகும் 8 முனை மின்கம்பியைப் பாருங்கள். தூசி தட்டும்போது அது தளர்ந்திருக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் தரும் அட்டை) இருந்தால் மானிட்டர் கம்பி அதில்தான் இருக்க வேண்டும்.

கருகிய வாடை வந்தாலோ பலகையில் உள்ள சிறு உருளைகளான கெப்பாசிட்டர் ஏதும் உப்பியிருந்தாலோ மறுபடி மின்சாரம் கொடுக்காதீர்கள். பவர் சப்ளை பெட்டியை எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.