நான்காவது சமூகம்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸ் கரும்பையும் தப்பெண்ணத்தையும் பயிரிடும் நாடு என்று இந்நாட்டு எழுத்தாளர் மால்கம் தெ ஷசால் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் தைப்பூசக் காவடி எடுக்கும் நாமும் தப்பெண்ணத்தைத்தான் வளர்க்கிறோமா? தமிழன் என்று சொல்வதை விட்டுத் தனிமனிதனாக இருக்கச் சொல்கிறாரா? எங்கள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான் பேசுவோம். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகர், ரோஸ் ஹில்

அன்புள்ள தம்பி,

பிழைக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். கிரியோல் பேசும் வீட்டிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்ததில் மனம் நிறைந்தது. என் கோபம் வேறு. நீங்கள் சொன்னது 1951-இல் வந்த அவருடைய 'பெட்ரூஸ்மோக்' நூலின் தொடக்க வரி. அதோடு மூடி வைத்துவிட்டீர்கள். தொடர்ந்து படித்திருந்தால், இத்தனை இனத்தார் அக்கம்பக்கமாக வாழ்ந்தும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை என்பதுதான் அவர் ஆற்றாமை என்று தெரிந்திருக்கும். நீங்கள் காவடி எடுப்பதால் யாருக்கும் தாழ்வில்லை.

ஷசால் பிரெஞ்சுக் குடியேறிகளின் வம்சம். லூசியானாவில் சர்க்கரைத் தொழில் படித்து வந்தவர், அதை உதறிவிட்டுத் தொலைபேசித் துறையில் சம்பளத்துக்குப் போனார். கியூர்ப்பிப் பூங்காவில் ஓர் அசேலியாப் பூ தன்னைப் பார்ப்பதைக் கண்டார். பூவுக்குக்கூடத் தனி முகம் கொடுத்த அந்த மனிதரை நம் அரசியல் சட்டம் எங்கே வைக்கிறது?

அதன் முதல் அட்டவணையில் இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர் என்று மூன்று சமூகங்கள். வாழும் முறையைப் பார்த்து இம்மூன்றிலும் அடங்காதவர்கள் எல்லாரும் 'பொது மக்கள்' என்ற நான்காவது சமூகம். ஷசால் வம்சமும் அதில்தான், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகளும் அதில்தான். நீங்கள் இந்துவுக்குள். தமிழன் என்ற சொல்லே அங்கே கிடையாது.

வேட்பாளர் மனுவிலேயே சமூகத்தை எழுத வேண்டும். நாடாளுமன்றத்துக்கு 62 பேர் வாக்கில் வென்ற பிறகு, 8 இடங்கள் வரை, தோற்ற வேட்பாளர்களிலிருந்து எடுக்கும் 'பெஸ்ட் லூசர்' முறையில் போகும். ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அதற்கு ஏற்கெனவே கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுப்பார்கள். ஈவு பெரிதாக உள்ள சமூகத்துக்கு அடுத்த இடம். ஒரு பேச்சுக்கு, 1,20,000 பேருக்கு 5 உறுப்பினர் இருந்தால் 6-ஆல் வகுத்து 20,000. 24,000 பேருக்கு ஒருவருமே இல்லையென்றால் 24,000. இடம் சின்னச் சமூகத்துக்கே. சிறியவர்கள் விடுபடக் கூடாது என்ற அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பழுது மக்கள்தொகை எண்ணில் இருக்கிறது. 1982-இல் கணக்கெடுப்பில் சமூகம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்றும் வகுப்பது 1972-இன் எண்ணை. அதற்குப் பின் பிறந்த ஒருவர்கூட அதில் இல்லை. கலப்புமணப் பிள்ளையும் தேர்தலில் நின்றால் ஒரே பக்கத்தைத்தான் எழுத வேண்டும். 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இந்தப் பழைய எண்ணைத்தான் சுட்டிக்காட்டியது. 2014 தேர்தலுக்கு மட்டும் சமூகம் எழுதாமல் நிற்க விட்டார்கள், பிறகு பழையபடி. காவடி நீங்களாக எடுப்பது, தம்பி. இந்தச் சமூகப் பெயரை உங்கள்மேல் எழுதுவது வேறு கை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எதற்கு வெட்கப்படுகிறீர்கள்?

நூலை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.