சல்வடோரில் எங்கே சாப்பிடுவது? – கடிதம்

வணக்கம் ஐயா,

உங்கள் பிரேசில் பயணக் குறிப்புகளை முன்பு படித்திருக்கிறேன். வேலை விஷயமாக ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் சல்வடோருக்குப் பக்கத்துத் தொழில்நகரான கமசாரிக்குப் போகிறேன். தங்குவது சல்வடோர் நகரில். செப்டம்பரில் மனைவியும் வந்துவிடுவாள். அவள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நான் எதையும் சாப்பிடுவேன். இணையத்தில் தேடினால் ‘தவறவிடக்கூடாத பத்து உணவகங்கள்’ என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அங்கே தெருவில் நம்ம வடையே கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? எங்கே சாப்பிடலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று நாலு வரி எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
முருகேசன், ஓசூர்

அன்புள்ள முருகேசன்,

நாலு வரியில் முடியாது, மன்னியுங்கள்.

வடையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. அதன் பெயர் அக்கராஜே. காராமணியை ஊறவைத்து, கசக்கித் தோல் களைந்து, அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மாவில் காற்றேறும்வரை மரக்கரண்டியால் அடித்துப் பொரிக்கிறார்கள். இதுவரை கேட்டால் நம் வீட்டு அடுப்படிதான். எண்ணெய் என்று வரும்போதுதான் ஊர் மாறுகிறது.

அந்த எண்ணெய் தெந்தே. ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் பழச்சதையைப் பிழிந்து எடுப்பது. நம் ரேஷன் கடையில் பாக்கெட்டில் தரும் பாமாயிலும் அதே மரத்துப் பழம்தான். ஆனால் நமக்கு வருவதற்குள் சுத்திகரிப்பு ஆலையில் நிறம், மணம் இரண்டையும் உருவிவிடுகிறார்கள். சல்வடோரில் உருவுவதில்லை. செக்கச்செவேல் என்று, கெட்டியாக, அடுப்பில் ஏறியதும் தெருமுனைவரை மணக்கும். அந்த மணம் பிடித்துவிட்டால் ஊர் பிடித்துவிடும். பழகாத வயிற்றுக்கு மட்டும் அது பேதி மருந்து.

அனுபவத்தில் சொல்கிறேன். போய் இறங்கிய அன்று மாலை, விடுதிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தலைக்கட்டு, கழுத்து நிறைய மணிமாலையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட பலகை, பக்கத்தில் பெரிய சட்டியில் கொதிக்கும் தெந்தே. இரண்டு கரண்டியால் மாவை நீளவாக்கில் உருட்டி அவர் வழுக்கிவிடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “கென்ச்சியா, ஃப்ரியோவா?” என்றார். கையிலிருந்த அகராதிப்படி சூடா, ஆறியதா. ஆறின வடையை யார் கேட்பார்கள்? “கென்ச்சி” என்றேன். சல்வடோரில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு: கென்ச்சி என்றால் மிளகாய் விழுது வைத்தது, ஃப்ரியோ என்றால் வைக்காதது. காரம் என்னை ஒன்றும் செய்யவில்லை, நான் திருநெல்வேலிக்காரன். அந்தத் தெம்பில் இரண்டாவதும் வாங்கித் தின்றேன். இரவு இரண்டு மணிக்குத் தெந்தே தன் வேலையைத் தொடங்கியது. மறுநாள் முழுக்க இளநீரும் காய்ந்த ரொட்டியும்.

அதனால், முதல் நாள் ஒன்று. ஒன்றே ஒன்று. இரண்டாவது வாரத்திலிருந்து உங்கள் இஷ்டம்.

இந்தப் பெண்களை அங்கே ‘பையானா’ என்பார்கள், பஹியாக்காரி என்று பொருள் (சல்வடோரைத் தலைநகராகக் கொண்ட மாநிலம்தான் பஹியா). தொழில் அடிமைக்காலத்தில் தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் எஜமானனுக்காகத் தெருவில் பலகாரம் விற்றார்கள். அன்றாடம் இவ்வளவு என்று அவனுக்குக் கட்டியது போக மிச்சத்தைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான். அக்கராஜே இயன்சான் என்னும் காற்றின் தெய்வத்துக்கான படையலும்கூட. (இப்போது சுவிசேஷ சபைகளைச் சேர்ந்த சில பெண்கள் இதே பண்டத்தை ‘ஏசுவின் உருண்டை’ என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். பையானாக்களுக்கு அதில் கடுங்கோபம்.) 2005இல் பிரேசில் அரசு இந்தத் தொழிலைத் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. 2014 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மைதானத்தைச் சுற்றி இவர்கள் விற்கக்கூடாது என்று ஃபிஃபா தரப்பிலிருந்து தடை வரப்பார்த்தது. பையானாக்கள் போராடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

எங்கே சாப்பிடுவது? ரியோ வெர்மேலியோ பகுதிக்குப் போங்கள். சந்தானா சதுக்கத்தில் டின்யாவின் கடை, மரிக்கீத்தா சதுக்கத்தில் சிராவின் கடை. கடையைப் பெயர்பெறச் செய்த அந்த இரண்டு பெண்களும் இன்று இல்லை. இதில் எது உசத்தி என்று கேட்டு ஒரு சல்வடோர்க்காரரின் வாயைக் கிளறினால் ஒரு மணி நேரம் போகும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த வரிசை சின்னதோ அதில் நில்லுங்கள், உங்கள் கண் முன்னால் பொரித்தால் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் மாலை நாலு மணிக்கு மேல்தான் சட்டி சூடேறும். காலையில் அக்கராஜே தேடி அலையாதீர்கள்.

உருண்டையை வாயைப் பிளந்தாற்போல வகுந்து உள்ளே அடைப்பார்கள். ரொட்டி, முந்திரி, நிலக்கடலை, தேங்காய்ப்பால், காய்ந்த இறால் எல்லாம் சேர்த்துக் கிண்டிய வத்தப்பா ஒரு கரண்டி. வெண்டைக்காயைப் பொடியாக நறுக்கி வழவழவென்று வேகவைத்த கருரு ஒரு கரண்டி. மேலே தக்காளி, வெங்காயம், காய்ந்த இறால். உங்கள் மனைவிக்குச் சிக்கல் இங்கேதான். “சைவம்” என்று சொன்னால் மேலே இருக்கும் இறாலை மட்டும் எடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நீட்டுவார்கள். வத்தப்பாவிலும் கருருவிலும் அரைத்த இறால் இருக்கும். “சேம் கமரான், சேம் வத்தப்பா, சேம் கருரு” என்று மூன்றையும் சொல்லித் தடுக்க வேண்டும் (சேம் என்றால் இல்லாமல், கமரான் என்றால் இறால்). தக்காளியும் மிளகாயும் வைத்துச் சாப்பிட்டாலே நன்றாக இருக்கும். இதே மாவை வாழையிலையில் பொதிந்து அவிக்கும் அபராவை உங்கள் மனைவி தொடவே வேண்டாம். பெரும்பாலும் மாவிலேயே இறால் கலந்திருக்கும்.

அன்றாட மதியச் சாப்பாட்டுக்கு ‘கிலோ’ கடைகள். தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு தராசில் வைத்தால் எடைக்குத் துண்டுச்சீட்டு தருவார்கள், போகும்போது காசு. சோறு, வெண்டைக்காய், வறுத்த ஏத்தன்பழம், அவித்த மரவள்ளி எல்லாம் இருக்கும். பீன்ஸ் குழம்பில் மட்டும் பன்றி இறைச்சி போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. மூன்று மணிக்குப் போனால் தட்டு கழுவிக்கொண்டிருப்பார்கள்.

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது மொக்கெக்கா. மீனையோ இறாலையோ வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லித்தழையோடு மண்சட்டியில் அடுக்கி, தேங்காய்ப்பாலும் தெந்தேயும் ஊற்றி வேகவைப்பது. மேசைக்கு வரும்போதும் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சட்டி இரண்டு பேருக்குத் தாங்கும், தனியாகப் போனால் பாதி தருவார்களா என்று கேளுங்கள். தெற்கே எஸ்பிரிட்டோ சான்ட்டோ மாநிலத்தில் தெந்தேயும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் ஒரு மொக்கெக்கா செய்கிறார்கள். தங்களுடையதுதான் மொக்கெக்கா, பஹியாவில் செய்வது வெறும் மீன்குழம்பு என்பது அவர்கள் கட்சி. சல்வடோரில் இதைச் சொல்லாதீர்கள்.

ரியோ வெர்மேலியோவில் காசா டி தெரேசா நல்ல இடம், விலை கொஞ்சம் கூடுதல். கபுலா பகுதியில் பரைசோ ட்ரோப்பிக்கல் என்ற உணவகம் ‘பிரிபிரி’ போட்டுச் செய்யும் மொக்கெக்காவுக்குப் பெயர்போனது. பிரிபிரி வேறொன்றும் இல்லை, கேரளத்தில் மீன்குழம்பில் போடுகிற இரும்பன்புளிதான். பலா, மா, தென்னை எல்லாம் போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் காலத்தில் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தவை. பிரேசிலில் தேங்காய்க்கே ‘பஹியாக் காய்’ என்றுதான் பெயர். கிளம்பும் முன் இந்த உணவகங்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு ஏத்தன்பழ மொக்கெக்கா கேளுங்கள். நிறைய இடங்களில் செய்கிறார்கள், மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பெலோரின்யோவை அவசியம் பாருங்கள், 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம். ஆனால் மெனு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று இழுக்கும் கடைகளில் சாப்பிட வேண்டாம். நான் சாப்பிட்ட ஒன்றில் தேங்காய்ப்பால் திரிந்து, மீன் இரண்டாம் முறை சூடு கண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுங்கள். அன்று ஊரில் பலரும் ஓஷலா தெய்வத்துக்காக வெள்ளை உடுத்துவார்கள். மதியம் அலுவலகக் கேன்டீன்வரை எல்லா இடத்திலும் தெந்தேச் சமையல். வேடிக்கை என்னவென்றால் ஓஷலாவுக்குத் தெந்தே ஆகாது. உடுப்பு ஆப்பிரிக்கத் தெய்வத்துக்கு, சாப்பாடு வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கருக்கு. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு யாரும் அலட்டிக்கொள்வதில்லை. போன்ஃபிம் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பக்கம்தான் ரிபேய்ரா, 1931இலிருந்து நடக்கும் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. மங்காபா, கஜா, உம்பு என்று நாம் கேள்விப்படாத பழங்களில் போடுவார்கள். என் ஓட்டு மங்காபாவுக்கு. கடலைப் பார்த்துச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இந்திய உணவகம் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றி.

கடைசியாக ஒன்று. செப்டம்பரில் அங்கே இருக்கப்போகிறீர்கள், அது அதிர்ஷ்டம். இரட்டையர்களான கோஸ்மே, தமியான் என்ற புனிதர்களுக்காக அந்த மாதம் வீடுகளில் கருரு விருந்து வைப்பார்கள், 27ஆம் தேதியை ஒட்டி அதிகம். ஆயிரம் வெண்டைக்காய் என்று எண்ணி நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. முதலில் ஏழு சிறுவர்கள் தரையில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து கையால் அள்ளிச் சாப்பிடுவார்கள், அப்புறம்தான் பெரியவர்களுக்கு. கூட வேலை செய்கிறவர் யாராவது கூப்பிட்டால் எந்த உணவக முன்பதிவையும் ரத்து செய்துவிட்டுப் போங்கள். மனைவிக்குச் சோளப்பொரி, கரும்புத் துண்டு, தேங்காய்க்கீற்று, வெல்லம் எல்லாம் அதே தட்டில் உண்டு.

சமைக்கும்போது சில வெண்டைக்காயை நறுக்காமல் முழுசாகப் போட்டுவிடுவார்கள். அது யார் தட்டில் விழுகிறதோ அவர்தான் அடுத்த வருடம் விருந்து வைக்க வேண்டும். உங்கள் தட்டில் விழுந்தால் சத்தம் காட்டாமல் மென்றுவிடுங்கள். அடுத்த செப்டம்பரில் நீங்கள் ஓசூரில் இருப்பீர்கள்.