வால்யூம் பாதியில் இருந்தால் சத்தம் சமமா?

கேள்வி: என்னிடம் பதினைந்து வருடப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, சேனலுக்கு 40 வாட். நண்பர் கையடக்கமான கிளாஸ்-டி ஆம்ப் (மின்சாரத்தை அதிவேகமாக ஸ்விட்ச் செய்து பெருக்கும் வகை) ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. என் 6 ஓம் ஸ்பீக்கரில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம், இரண்டிலும் வால்யூம் பாதியில். சின்னதுதான் தெளிவாகவும் பேஸ் கூடுதலாகவும் கேட்டது. பழையதை விற்றுவிட்டு அதையே வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கேள்வியில் ‘பாதியில்’ என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. வால்யூம் திருகு ஒரே இடத்தில் நிற்பதால் சத்தமும் ஒன்றாகிவிடாது. சின்ன ஆம்ப்கள் பலவற்றில் இருக்கும் டிபிஏ3116 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெருக்கத்தை, அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதை, 20, 26, 32, 36 டெசிபெல் (சத்தத்தையும் பெருக்கத்தையும் சொல்லும் அலகு) என நான்கு விதமாகத் தயாரிப்பாளர் அமைக்கலாம். 20-க்குப் பதில் 26 வைத்துவிட்டால், திருகு அதே இடத்தில் இருக்கும்போதே வோல்டேஜ் இரண்டு மடங்கு.

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் மங்கலாகக் கேட்கும், சத்தம் ஏற ஏற அதுவும் எழுந்து வரும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதிலும் ஏற்றம் ஒரு டெசிபெல் அளவுக்கு இருந்தால், ‘சத்தம் கூடிவிட்டது’ என்று யாருக்கும் தோன்றாது. ‘தெளிவாக இருக்கிறதே’ என்றுதான் தோன்றும். நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

சரி, எப்படிச் சமப்படுத்துவது? சாதாரண மல்டிமீட்டர் போதும். மொபைலில் 300 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளில் தொடுங்கள். ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கட்டும். 1.00 வோல்ட் காட்டும்வரை திருகுங்கள். அடுத்த ஆம்பிலும் அதே 1.00. மீட்டர் 1.01 காட்டினால் பரவாயில்லை, அது 0.1 டெசிபெல்கூட இல்லை. 1.12 காட்டினால் ஒரு டெசிபெல் ஏறிவிட்டது, அந்த ஒப்பீடு செல்லாது. பேஸ், ட்ரெபிள் திருகுகள் நடுவில் இருக்க வேண்டும். பழைய ஆம்பில், சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸை ஏற்றிக் கொடுக்கும் லவுட்னஸ் பட்டன் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஆம்பையும் ஒரே ஸ்பீக்கரில் ஒன்றாக இணைக்கவே கூடாது. கிளாஸ்-டி ஆம்ப்களில் பெரும்பாலும் கறுப்பு முனையும் கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடும். மாற்றிக் கேட்க ஸ்விட்ச் வைத்தால், இரண்டு வயரையும் சேர்த்து மாற்றுகிற ஸ்விட்சாக இருக்க வேண்டும்.

அப்புறம், எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லுங்கள். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் உங்கள் காது சொல்வதை நம்பலாம். எட்டு, ஒன்பது என்றால் அது பூவா தலையா போட்டதற்குச் சமம்.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும். கிளாஸ்-டி ஆம்பின் முனையில் சுருளும் கெபாசிட்டரும் சேர்ந்த ஒரு ஃபில்டர் இருக்கும். அது ஒரு குறிப்பிட்ட ஓமுக்குக் கணக்கிட்டுப் போட்டது. விலை குறைந்தவற்றில், ஸ்பீக்கரின் ஓம் அதைவிடக் கூடினால் உச்ச ட்ரெபிள் சற்று எழும், குறைந்தால் சற்று அமுங்கும். ஃபீட்பேக்கை (ஆம்ப் தன்னைத் திருத்திக்கொள்ளத் திரும்ப எடுக்கும் சிக்னலை) ஃபில்டருக்கு அப்புறமிருந்து எடுக்கும் புதிய மாடல்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவில் இதைக் கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று சக்தி. அந்த 100 வாட்டை அப்படியே நம்ப வேண்டாம், அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 24 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 96 வாட்தான். அதில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்தாலும், இரண்டு சேனலுக்குப் பிரித்தால் தலைக்கு 40 வாட். உங்கள் பழைய ஆம்பும் அதேதான்! தவில் பதிவு ஒன்றைச் சத்தமாக வைத்து, வலந்தலை அடி கணீரென்று விழுகிறதா, தட்டையாகி உடைகிறதா என்று கேளுங்கள். ஓர் அடி சராசரியைவிட 15 டெசிபெல் எகிறினால் அந்த நொடியில் சுமார் 30 மடங்கு வாட் வேண்டும். மலிவான ஆம்ப்கள் திணறுவது அங்கேதான்.

பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரில் ட்ரெபிளை ஒலிக்கும் சின்னப் பகுதியான ட்வீட்டர் அருகில் காதையும் வையுங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் எதில் குறைவோ, இரவில் மெல்ல வைத்துக் கேட்க அதுதான் நல்லது.

என்னைக் கேட்டால் இப்போதைக்கு விற்காதீர்கள். நண்பரின் ஆம்பை இரண்டு நாள் இரவல் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். 16-க்கு 12 வராவிட்டால் பழையதே இருக்கட்டும், அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்.