பர்மா செட்டியார்களின் கடைசிக் காலம்: கேள்வி பதில்

பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி வருடங்களில் பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஐயா, செட்டியார்கள் நிலத்தைப் பிடுங்கத்தான் அங்கே போனார்களா?

பதில்: இல்லை. அவர்களுக்கு வேண்டியது அசலும் வட்டியும். பணத்தைச் சுழலவிட்டே பிழைத்தவர்களுக்கு, நிலம் கைக்கு வந்தால் பணம் முடங்கியது என்றுதான் அர்த்தம். 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் (வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள்), 75 கோடி ரூபாய் மூலதனம் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்தது 6 சதவீத நிலம்தான். அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை படுத்துவிட்டது. அடமானம் மூழ்கி மூழ்கி, 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. சொந்த வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மியனிடம் போய், செட்டியார் இதை விரும்பவில்லை என்று சொல்லி என்ன பயன்? அவன் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: உழவர்களின் இந்தக் கோபத்திலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் மட்டும் எப்படித் தப்பித்தன?

பதில்: முழுக்கத் தப்பவில்லை. 1930 டிசம்பரில் கீழ்பர்மாவின் தராவடி மாவட்டத்தில் சயா சான் என்பவர் கிளப்பிய உழவர் கிளர்ச்சி பிரிட்டிஷ் அரசாங்கத்தையே எதிர்த்தது. ஆனால் பெரிய அரிசி ஆலைக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து நெல் விலையை அமுக்கியதும், செட்டியார் கடைக்கு ஐரோப்பிய வங்கிகளும் கடன் கொடுத்ததும் உழவன் கண்ணில் படாத விஷயங்கள். துரைமார் ரங்கூனில் வெள்ளையருக்கு மட்டுமேயான பெகு கிளப்பில் இருந்தார்கள். வட்டி கேட்டு வாசலில் நின்றவர் செட்டியார்.

கேள்வி: 1930 ரங்கூன் கலவரத்தில் அடிபட்டவர்கள் செட்டியார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தெலுங்குத் துறைமுகக் கூலிகள். அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். சமரசம் ஆனதும் அந்தப் பர்மியரைத் திருப்பி அனுப்பினார்கள். மே மாதக் கடைசியில் ஏழையும் ஏழையும் வெட்டிக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

கேள்வி: ஆபத்து தெரிந்தும் ஏன் ஊர் திரும்பவில்லை?

பதில்: வாங்க ஆள் இல்லாத வயலை யாரிடம் விற்பது? அதோடு, விலை ஏறும், எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரலில். அதற்கு இரண்டே மாதம் முன்பு, மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தார்! அடுத்த வருடமே ரங்கூனில் மறுபடி கலவரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையை நடத்திய மேலாளும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாளும், எடுபிடி வேலை செய்த பெட்டியடிப் பையனும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போய், மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் திரும்பினார்கள். அந்த ஏற்பாடு தொழிலுக்குக் கச்சிதம். ஆனால் பர்மியரோடு உறவு வளர அதில் இடமே இல்லை. இதை அவர்களின் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

கேள்வி: நிலங்கள் கடைசியில் என்ன ஆயின?

பதில்: 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினார்கள். பலர் காட்டுவழியே நடந்தே அஸ்ஸாம் சேர்ந்தார்கள். சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அதில் சொன்ன நஷ்டஈடு, போட்ட பணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.