தியானமா, கொடைக்கானல் டூரா?

கேள்வி: மதுரையில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் அன்பியங்களிலிருந்து (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுக்கள்) 40 பேரை, வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை தியானத்துக்கு அழைத்துப் போகிறோம். சென்ற ஆண்டு கொடைக்கானல் போனோம். பாதிப் பேர் ஏரிக்கரையில்தான் இருந்தார்கள். இம்முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: மலையை விடுங்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 120 கி.மீ. வெள்ளி மாலை 5 மணிக்கு வேன் எடுத்தால் போய்ச் சேர 9 ஆகிவிடும், வளைவுகளில் நாலு பேருக்கு வாந்தி வேறு. ஞாயிறு மதியமே இறங்க வேண்டும். ஆக, கையில் மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும். 2024 மே 7 முதல் இ-பாஸும் கட்டாயம். வண்டி எண்ணைக் கொடுத்து எடுப்பதால், டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வேனை அனுப்பினால் வழியில் நிற்க நேரலாம். மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய, துறவற சபையினர் நடத்தும் தியான இல்லம் ஒன்றைப் பாருங்கள்.

கட்டில் எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள். குளியலறை எத்தனை என்று கேளுங்கள். 5 இருந்தால், தலைக்கு 10 நிமிடம் வீதம் 40 பேருக்கு 80 நிமிடம். 6.30 ஜெபத்துக்கு 5 மணிக்கே எழுப்ப வேண்டும்.

சென்ற ஆண்டு இடம் மட்டுமல்ல, நேர அட்டவணையும் காலை வாரியிருக்கலாம். பேச்சாளர் கிடைத்துவிட்டார் என்று ஆறேழு உரைகளைத் திணிப்பது நம் பழக்கம். சனிக்கிழமைக்கு மூன்று போதும், ஒவ்வொன்றும் 40 நிமிடம். உரை முடிந்ததும் 45 நிமிடம் மௌனம். அவரவர் மரத்தடியிலோ கோவிலிலோ ஒரே விவிலியப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். மாற்கு 6:30-32, லூக்கா 15:11-32, லூக்கா 24:13-35 என்ற வரிசை நன்றாக அமையும்: ஓய்வு, திரும்புதல், உடன் நடத்தல். செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டால் முணுமுணுப்புதான் மிஞ்சும். பொறுப்பாளர் ஒருவரின் எண்ணை வீட்டாரிடம் முன்கூட்டியே கொடுக்கச் சொல்லிவிட்டால் தாங்களாகவே அணைத்து வைப்பார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு (ஃபாதரிடம் தனித்தனியாகப் பாவ அறிக்கை செய்வது) நேரக் கணக்குப் போடாமல் தடுமாறுகிறவர்கள் அதிகம். ஆளுக்கு 5 நிமிடம் என்றாலும் 40 பேருக்கு 200 நிமிடம். ஒரே ஃபாதர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல். மூவர் இருந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் பல பங்குகளில் ஞாயிறு பூசையைச் சனி மாலையே வைப்பதால் ஃபாதர்களை அப்போது கூப்பிடாதீர்கள். லூக்கா 15 உரையை முற்பகலில் வைத்து, பிற்பகல் 3 மணிக்கு அழைத்தால் 4.30க்கெல்லாம் அவர்கள் கிளம்பிவிடலாம். அந்நேரம் கோவிலில் நற்கருணை ஆராதனை வையுங்கள். இல்லையென்றால் வரிசையில் ஊர்க்கதை ஓடும்.

சனி மதியம் பிரியாணி வேண்டாம், அடுத்த அமர்வு முழுக்கக் குறட்டைதான் கேட்கும். சாம்பார், ரசம், ஒரு பொரியல் போதும். பிரியாணியை ஞாயிறு மதியத்துக்கு வையுங்கள்.

சனி இரவு பகிர்வுக்கு ஆறேழு பேர் கொண்ட குழுக்கள், ஆளுக்கு 5 நிமிடம். கணவன் மனைவியையோ மாமியார் மருமகளையோ ஒரே குழுவில் போட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் புத்திமதி சொல்லக் கூடாது, கேட்டது வெளியே போகக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நான்கு வாரம் கழித்து அதே குழுக்கள் ஒரு மாலை கூடட்டும். தேதியை ஞாயிறு வேன் ஏறும் முன்பே அறிவித்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு 40 பேருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்காது.