பனி இல்லாத கரையில் ஒரு ஸ்கீ அணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பில் நாங்கள் ஆறு பேரை வைத்து நடத்திவரும் ரோலர் ஸ்கீ அணியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுள் ஐந்திற்கு இங்கே பதில் தருகிறேன். இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வதானால், ரோலர் ஸ்கீ என்பது முன்னும் பின்னும் சில்லு பூட்டிய, அறுபது எழுபது சென்ரிமீற்றர் நீளமான ஒரு சட்டம். காலணியின் முன்நுனி மட்டும் அதில் மாட்டப்பட்டிருக்கும், குதிகால் மேலெழும், இரு கைகளிலும் கோல் இருக்கும். நோர்வே, சுவீடன், பின்லாந்து வீரர்கள் பனி உருகிய மாதங்களில் தார் வீதியில் பழகுவதற்காகக் கைக்கொண்ட இந்தப் பயிற்சி பின்னர் தனிப் போட்டியாகவும் வளர்ந்து, 2000ஆம் ஆண்டு முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் நடைபெறுகிறது.

கேள்வி: நாங்கள் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் பங்குபற்றிய நான்கு நண்பர்கள். சொந்தமாக ஓர் அணி தொடங்க விரும்புகிறோம். பனியே விழாத நாட்டில் இதற்கு எதிர்காலம் உண்டா? முதலில் எதை வாங்க வேண்டும்?
– இளைஞர் ஒருவர், கல்லடி

பதில்: தம்பி, எதிர்காலம் என்று நீங்கள் ஒலிம்பிக்கை நினைத்துக் கேட்டிருந்தால், அந்த வாக்குறுதியை நான் உங்களுக்குத் தரமாட்டேன். கென்யாவின் பிலிப் போய்ட் 1998இல் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் 10 கிலோமீற்றர் ஸ்கீ ஓட்டத்தைக் கடைசியாக முடித்தபோது, வென்ற நோர்வே வீரர் பியோர்ன் டேலி அவரைக் கட்டியணைப்பதற்காக முடிவுக் கோட்டிலேயே காத்திருந்தார். டொங்காவின் பீட்டா தவுபாதோபுவா ரோலர் ஸ்கீயில் பழகிச் சென்று, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீற்றர் ஓட்டத்தில் 114ஆவதாக வந்தார். இவை நடந்த கதைகள்தான், ஆனாலும் சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் போட்டிகளுக்கு ஒருவரின் பெயரை அவருடைய நாட்டுச் சங்கமே அனுப்ப முடியும். தனி அணிக்குத் திறந்திருக்கும் கதவு வேறு. சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் 90 கிலோமீற்றர் வாசாலொப்பெத் போன்ற நெடுந்தூர ஓட்டங்களில் உலகின் முதல்தர வீரர்களுக்குப் பின்னால் சாதாரண மக்களும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். அதிலும் இன்றைய முன்னணி வீரர்கள் பெரும்பாலான தூரத்தைக் கால் உதைப்பு இல்லாமல் இரு கோல்களையும் ஒன்றாக ஊன்றித் தள்ளியே கடக்கிறார்கள் என்பதால், மேடு பள்ளமற்ற நமது எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) வீதிகள் அந்தப் பழக்கத்துக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

வாங்குவதைப் பொறுத்தவரை, காலணிக்கே முதல் இடம் கொடுங்கள், ஏனெனில் ஸ்கீயை இருவர் மாறி மாறிப் பயன்படுத்தலாம், பொருந்தாத காலணியை ஒருவரும் பயன்படுத்த முடியாது. அடுத்தது கோல். இரு ஸ்கீயையும் இணையாக வைத்து ஓடும் பாரம்பரியப் பாணிப் போட்டிகளில் கோலின் நீளம் காலணியோடு அளந்த உயரத்தின் 83 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சம்மேளனத்தின் விதி. 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 140 சென்ரிமீற்றர் கோல் போதும். பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் சறுக்குப் பாணிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக வேண்டும். தார் வீதிக்குக் கடினமான காபைட் முனை தேவை, அதையும் வைரத் தூள் பதித்த அரத்தால் அடிக்கடி தீட்ட வேண்டும். மழுங்கிய முனை வீதியில் வழுக்கும்போது தோள்மூட்டு எப்படி இழுபடும் என்பதை ஒரு தடவை அனுபவித்தவர் அரத்தை வீட்டில் மறந்துவிட்டு வரமாட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஓடாத ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. நான் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், என் மகள் சேர்ந்திருந்த ஊர்க் கழகத்தில் சம்பளத்துக்கு ஒருவர்கூட இருக்கவில்லை. பாதையைச் செப்பனிட்டவர்களும், ஸ்கீக்கு மெழுகு பூசியவர்களும், நேரம் குறித்தவர்களும், கேத்தலில் கோப்பி கொண்டுவந்தவர்களும் பெற்றோரே. அதை அவர்கள் டுக்னாட் என்பார்கள், நமது சிரமதானம்தான். நீங்கள் நால்வரும் ஓடப் போனால் பின்னால் வண்டியில் வருபவர் யார், கணக்கு எழுதுபவர் யார் என்ற கேள்விக்கு முதல் மாதத்திலேயே பதில் இருக்க வேண்டும். எங்கள் முதல் முயற்சி எட்டு மாதத்தில் நின்றுபோனது காசு இல்லாததால் அல்ல, எல்லோரும் ஓடவே விரும்பியதால். இன்றைக்கு ஆறு வீரர்களுக்கு மூன்று பேர் பின்னால் நிற்கிறார்கள், அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி.

கேள்வி: பதினைந்து வயதான என் மகள் உங்கள் அணியில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். இந்த ஸ்கீக்கு பிறேக் கிடையாதாமே? வீதியில் விடப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், காரைதீவு

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பெரும்பாலான ரோலர் ஸ்கீகளுக்கு பிறேக் இல்லை. கால்களை ஆப்பு வடிவில் விரித்து வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் சட்டென்று நிற்க வேண்டுமானால் வீதியோரத்துப் புல்லில் அடியெடுத்து வைத்து ஓடித்தான் நிற்க வேண்டும். ஆகவே எங்களிடம் சேரும் பிள்ளை முதல் ஆறு வாரங்களுக்கு வீதியைக் காண்பதில்லை. விளையாட்டு மைதானத்தின் புற்றரையில் ஸ்கீயுடன் நடப்பதும், மூடிய வளவுக்குள் விழப் பழகுவதும், விழுந்தபின் கோலைக் காலுக்குள் சிக்கவிடாமல் எழும்புவதுமே அந்தக் காலப் பாடம். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, முழங்கால் காப்பு ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைய பயிற்சி அவருக்கு இல்லை, அது அணித் தலைவராக இருந்தாலும் சரி.

இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஒரு மாசி மாதக் காலையில், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கமாகப் போனபோது நடந்ததை நான் மறக்கவில்லை. அறுவடைக் காலமாகையால் காபெற் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். காற்றில் சிதறிய மணிகள் மறுபாதியிலும் கிடந்தன. பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லுக்கு அடியில் நெல்மணி உருளைக் குண்டாக மாறிவிடும். முன்னால் போன பிள்ளையின் இரு கால்களும் பிரிந்தன, முழங்கை தாரில் உராய்ந்தது, கோல் இரண்டாக முறிந்தது. நெல்லுக்குக் காவலிருந்த முதியவர் தண்ணீர்ப் போத்தலுடன் ஓடிவந்து, “மகள், நான் கூட்டி ஒதுக்கியிருக்க வேணும்” என்று எங்களுக்கு முன்பாகவே வருத்தப்பட்டார். தவறு அவருடையதல்ல, அந்த வீதி அவருக்கு எப்போதும் களம்தான். பாதையை முன்கூட்டியே பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து பயிற்சிக்கு முதல்நாள் மாலை ஒருவர் சைக்கிளில் போய் நெல், மணல், சல்லி, பாலத்து இணைப்பு இடைவெளி, படுத்திருக்கும் மாடுகள் எல்லாவற்றையும் குறித்துவருகிறார். காலையில் ஐந்தரைக்குத் தொடங்கி, லொறிகளும் பாடசாலை வான்களும் நிறையும் முன்பே முடித்துவிடுகிறோம். பின்னால் வரும் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மகளை அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு நாள் அந்த வண்டியில் ஏறி வந்து பாருங்கள்.

கேள்வி: ரோலர் ஸ்கீயில் வேகமாக ஓடுபவர் பனியிலும் அப்படியே ஓடிவிடுவாரா?
– உடற்கல்வி ஆசிரியர், ஏறாவூர்

பதில்: மூச்சும் தசையும் அப்படியே கூட வரும், கால் நுட்பம் முழுவதும் வராது. பாரம்பரியப் பாணி ரோலர் ஸ்கீயின் ஒரு சில்லு முன்னோக்கி மட்டுமே சுழலும், பின்னோக்கிப் பூட்டிக்கொள்ளும். ஆகவே வீரர் எவ்வளவு பிந்தி உதைத்தாலும் அது பிடித்துக்கொள்கிறது. பனி ஸ்கீயோ நடுவில் வில்போல் வளைந்திருக்கும். சரியான கணத்தில் முழு உடற்பாரத்தையும் ஒரு காலில் இறக்கி அந்த வளைவை அழுத்தினால்தான் அடியிலுள்ள பிடிமெழுகு பனியைத் தொடும். அழுத்தாவிட்டால் கால் பின்னால் வழுக்கும். சில்லு மன்னித்துவிடுகிற இந்தப் பிழையை வாரத்தில் ஒரு நாளாவது ஒரு காலில் நின்று சமநிலை பழகிக் களைய வேண்டும். பனியில் இறக்கமும் வளைவும் வேறு பாடம், அதைப் பனியிலேயே கற்க வேண்டும். இன்னொரு விடயம், நேரங்களை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். றப்பர் சில்லு சூடேறும்போது இலகுவாக உருளும். ஆகவே மழைக்காலக் காலை நேரத்தையும் வெப்பமான கச்சான் காற்று வீசும் ஆடி மாத நேரத்தையும் அருகருகே வைத்து ஒருவரை மெச்சுவதும் மற்றவரைக் கடிவதும் அநியாயம். ஒரே நாளில், ஒரே வகைச் சில்லில் ஓடியவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: காசுக்கு என்ன செய்கிறீர்கள்? அனுசரணையாளரை எப்படிப் பிடிப்பது?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: முதலில் ஒரு யாப்பு எழுதி, பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகக் கழகமாகப் பதிவு செய்து, அணியின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறவுங்கள். தனியாள் ஒருவரின் பொக்கற்றில் அணிக் காசு இருக்கும் வரை எந்த வியாபாரியும் இரண்டாம் முறை தரமாட்டார். எங்களுக்கு உதவுபவர் ஓர் அரிசி ஆலை உரிமையாளர். அவரிடம் பதக்கம் கொண்டுவருவோம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறையிலும் வரவு செலவை அணி முழுவதற்கும் வாசிக்கும்போது அவரும் வந்து உட்காரலாம் என்றுதான் சொன்னோம். சில்லும் கோல்முனையும் தேய்ந்துகொண்டே இருக்கும் என்பதால், வெளிநாட்டுப் பயணக் கனவுக்குச் சேர்க்கும் பணத்தை அதற்கான பணத்தோடு கலக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரை வீதியில் ஓடினால் மணல் புகுந்து சில்லுகள் கரகரக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: தண்ணீர்க் குழாயை நேராகப் பிடித்துக் கழுவாதீர்கள், மணல் இன்னும் உள்ளே போகும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சாதாரண பெயாரிங்கின் மூடியைக் கழற்ற முடியுமானால் மண்ணெண்ணெயில் அலசி, நன்கு காய்ந்தபின் மெல்லியதாகக் கிறீஸ் இடலாம். பின்னோக்கிப் பூட்டும் சில்லின் பெயாரிங்குக்கு மட்டும் தடித்த கிறீஸ் வேண்டாம், இட்டால் பிடிக்காமல் வழுக்கிவிடும், மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டே போதும். சில்லைக் கையில் பிடித்து மெதுவாகச் சுற்றி, காதருகே வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இன்னும் கேட்டால் அடுத்த நாள் பயிற்சிக்கு அந்தச் சோடியை எடுக்காதீர்கள்.